கதிர்காமத்துக்கு எந்த வழி?

தைப்பூசத்தன்று ஈப்போ புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சேரோ கல்லுமலைக் கோயிலுக்கு நடப்பவர்கள் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். மோரும் பானகமும் கையில் திணிக்கப்படும். பாதி தூரத்தில் கால் ஓய்ந்தால் வீட்டுக்குத் திரும்ப வாகனமும் கிடைக்கும். இந்த அனுபவத்தை மட்டும் நம்பி இலங்கையின் கதிர்காமப் பாதயாத்திரைக்குப் புறப்படுவது சரியன்று. “அங்கேயும் இதே வெயில்தானே, நமக்குப் பழகியதுதானே” என்று எண்ணுவோர் வழியைத் தேர்ந்தெடுப்பதில் தவறிவிடுவார்கள்.

கதிர்காமத் திருவிழா ஆடி மாதத்தை ஒட்டி வருகிறது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாக ஒரு மாதத்துக்கும் மேல் நடக்கிறார்கள். கடலோரத்துப் பாறைக்குன்றான உகந்தை மலையை அடைந்ததும் ஊர்கள் முடிந்துவிடும். அங்கிருந்து குமண, யால காடுகளின் வழியே நான்கைந்து நாள் நடை. யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் அக்காட்டு வழியை அரசு ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே திறந்துவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து செல்பவர்களுக்கு விடுப்பு குறைவு. அதனால், “உகந்தையில் சேர்ந்துகொண்டால் போதும், நான்கைந்து நாளில் முடிந்துவிடும்” என்று தோன்றுவது இயல்பே. ஆனால், குறுகிய வழி என்பதால் அது எளிய வழியாகிவிடாது. முழு யாத்திரையிலும் கடினமான பகுதி அதுதான். இலங்கையின் கிழக்குக் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்று நடுமலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. குளங்கள் வற்றும், மணல் கொதிக்கும். பேராக்கின் ஈரவெப்பத்தில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கோ, வியர்வை காய்ந்துவிடுவதால் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

வெயிலின் கொடுமை ஒரே நாளில் தெரிவதும் இல்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறைகூட வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 பாகை செல்சியசை எட்டிய பிறகே முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. முதல் நாள் உற்சாகமாக நடந்தவர் மூன்றாம் நாள் சுருண்டு விழலாம். உகந்தையில் தொடங்குபவருக்கு அந்த மூன்றாம் நாள் நடுக்காட்டில் வந்து சேரும்.

ஆகவே, முதன்முறை செல்பவர்கள் திருக்கோவிலிலோ அதற்கும் வடக்கிலோ தொடங்குவதே நல்லது. கடற்கரையில் அமைந்த சித்திர வேலாயுத சுவாமி கோயிலிலிருந்து பொத்துவில் வரை ஊர்கள் உண்டு, கிணறுகள் உண்டு, அடியார்களுக்கு அன்னம் இடும் மக்கள் உண்டு. கொப்புளம் வந்தால் ஒருநாள் தங்கலாம். அந்தச் சில நாள்களில் கால் பழகுவதோடு, எவ்வளவு நீரைத் தன்னால் சுமக்க முடியும் என்பதும் விளங்கிவிடும். அதன் பிறகே காட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. நேர்த்திக்கடன் என்றாலே உடலை வருத்துவதுதான், வசதி பார்த்தால் அது யாத்திரையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், வேலை முன்னே ஏந்திச் செல்லும் மூத்த அடியார்களின் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் விடியுமுன் நடப்பார்கள். உச்சி வெயிலில் கோயில் மண்டபத்திலோ மர நிழலிலோ தங்குவார்கள். மாலையில் மீண்டும் நடப்பார்கள். வருத்திக்கொள்வதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பேராக்கில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியன்று. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பதால், தோட்டத்து மக்கள் இருட்டிலேயே பிரட்டுக்களத்தில் கூடி, தலைவிளக்கோடு நிரைக்குப் போனார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்க, நிழல் குறைந்தபோதும் அந்த ஒழுங்கே அவர்களைக் காத்தது. இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்த நேர ஒழுங்கைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

தண்ணீர் பற்றிய கவலையும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே வாந்திபேதி பரவும் என்று அஞ்சிய ஆங்கில அரசு யாத்திரிகர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லியனார்ட் ஊல்ஃப், திருவிழாக் காலத்தில் கதிர்காமத்திலேயே தங்கி மேற்பார்வையிட்டார். பிற்காலத்தில் அவர் எழுத்தாளராகப் புகழ்பெற்றார். இப்போதும் காட்டுக்குள் ஆற்றுநீரைக் காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும்.

ஒரு வாரம் மட்டுமே விடுப்பு உள்ள குடும்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. திருக்கோவிலில் தொடங்கி, உகந்தை மலையில் முருகனை வணங்கி, அத்தோடு நடையை நிறுத்திக்கொள்ளலாம். பொத்துவிலுக்குத் திரும்பி, மொனராகலை வழியாகப் பேருந்தில் கதிர்காமம் போகலாம். மாணிக்க கங்கையில் நீராடிய பின் கதிர்மலை ஏறுவதற்குக் காலில் வலு மிச்சமிருக்கும்.