குப்பைக்குப் போகும் கொட்டாங்குச்சி

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்ததும், சமையற்கட்டின் பின்புறம் நின்றுகொண்டிருந்தேன். எச்சில் இலை, வாழைப்பழத் தோல், கொட்டாங்குச்சி, காப்பிச் சக்கை, பிளாஸ்டிக் தம்ளர் எல்லாம் ஒரே கறுப்புப் பையில் அடைபட்டு வண்டியேறின. போய்ச் சேருமிடம் காஜிப்பூர் குப்பை மலை. மயூர் விஹார்வாசியான எனக்கு அது அண்டை வீட்டுக்காரர் மாதிரி. 1984-ல் தொடங்கிய அந்தக் கிடங்கு 2002-லேயே கொள்ளளவைத் தாண்டிவிட்டது. 2017 செப்டம்பரில் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர்.

அன்று உடன் நின்ற எதிர்வீட்டுப் பெண் வேதியியல் படிப்பவள். "மாமா, தண்ணியைச் சுத்தம் பண்ற சாமானையெல்லாம் குப்பையில போடறோமே!" என்றாள். கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். விசாரித்ததில் உண்மைதான் என்று தெரிந்தது.

நம் வீட்டு வாட்டர் ஃபில்ட்டருக்குள் இருக்கும் கறுப்புத் துகள் பெரும்பாலும் கொட்டாங்குச்சிக் கரிதான். கரியை மிகுந்த சூட்டில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வருமாம்! சாயம், நாற்றம், சில இரசாயனங்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. வாழைப்பழத் தோலும் சளைத்ததல்ல. தோலிலுள்ள சில அமிலக் கூறுகள் ஈயம், செம்பு போன்ற உலோகங்களை இழுத்துப் பிடிக்கும். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பரானா நதி நீரில் இதைச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். ஒரே தோல்பொடியை 11 முறை பயன்படுத்தினார்களாம். கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்த நம் பாட்டிமார்களுக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

உடனே, "யமுனையில் வாழைப்பழத் தோலைப் போடுவோம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர்தான். நதியின் நீளத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. நதியின் அழுக்கில் பெரும் பங்கு அங்கேதான் சேர்கிறது. காரணம் சாக்கடை நீர். அதற்குச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் வழி. பச்சைத் தோலைக் கொட்டினால் அதுவே அழுகி நீரை மேலும் கெடுக்கும். ஈயத்தைப் பிடித்த தோல்பொடியும் நஞ்சாகிவிடுகிறது. அதை எருவாக்க முடியாது, தனியே பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். ஆகவே, உலோக முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை போன்ற இடங்களின் கழிவு நீரை வாசலிலேயே வடிகட்டத்தான் இவை பொருத்தமானவை என்பது என் கருத்து.

ஆனால் அதற்கும் முதல் நிபந்தனை, பொருள் ஒரே இனமாக, சுத்தமாகக் கிடைக்க வேண்டும். சாம்பார் வழியும் பிளாஸ்டிக்கோடு கலந்த கொட்டாங்குச்சியை எந்தக் கரிக்காரரும் சீண்டமாட்டார். ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது. நாம்தான் "டில்லிக்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒரே பையில் கட்டிக் கொடுக்கிறோம். நாமும் டில்லிக்காரர்கள்தானே?

தேங்காயும் வாழையும் இல்லாமல் நமக்கு விழா ஏது? சங்கம், கோவில்கள், மெஸ்கள் ஒன்றுசேர்ந்தால் கொட்டாங்குச்சி மூட்டைக் கணக்கில் சேரும், கரிக்குக் கொடுக்கலாம். தோலும் இலையும் இப்போதைக்கு எருவாகட்டும். அடுத்த விழாவில் பந்தி முடியுமிடத்தில் மூன்று கூடைகள் வைக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டாங்குச்சிக் கூடைக்குக் காவல் நிற்க நான் தயார். மற்ற இரண்டுக்கும் யார் வருகிறீர்கள்?