வீணை செய்த கை கப்பலும் கட்டும்

ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரம் இடம்பெறும், கட்டடம் இடம்பெறும், சரக்கு இருப்பும் இடம்பெறும். அங்கே பணிபுரிவோரின் கைத்திறன் இடம்பெறாது. திறன்மிக்க பணியாளர்களால் விளையும் பயன் நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லாததால், அதனைப் பொதுவாகச் சொத்தாகப் பதிவு செய்ய இயலாது என்பது கணக்கியல் தரநிலைகளின் நிலைப்பாடு. கணக்கேட்டுக்கு இது சரியே. ஆயினும், ஏட்டில் இல்லாத ஒன்றை வாழ்க்கையிலும் இல்லாததாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஒருவரது திறனை அவர் செய்யும் பொருளைக் கொண்டே மதிப்பிடுகிறோம். பொருளுக்குச் சந்தை குறைந்தால் திறனும் செல்லாக்காசு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இம்முடிவு பிழையானது என்பது நம் கருத்து. அதற்குச் சான்றாக, இசைக்கருவி செய்யும் தொழிலையும் மரத்தால் மாதிரிக் கப்பல் கட்டும் பொழுதுபோக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

மாதிரிக் கப்பல் என்பது யாது?

மாதிரிக் கப்பல் என்றவுடன் சுற்றுலாத் தலங்களில் விற்கும் அலங்காரப் பொருள் சிலருக்கு நினைவுக்கு வரக்கூடும். நாம் குறிப்பிடுவது அதுவன்று. கடலில் ஓடிய ஒரு கப்பலின் வரைபடத்தைப் பெற்று, குறித்த விகிதத்தில் சுருக்கி, அடிமரம், விலாச்சட்டங்கள், பக்கப் பலகைகள், மேல்தளம், பாய்மரம், கயிறுகள் என ஒவ்வோர் உறுப்பையும் மரத்திலும் நூலிலும் மீண்டும் கட்டும் கலை அது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்களுக்காகச் செய்யப்பட்ட இத்தகைய மாதிரிகள் லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உலகின் பல நாடுகளில் இது பொறுமையுள்ளோரின் பொழுதுபோக்காக நிலைபெற்றுள்ளது.

நம் நாட்டில் இதற்குத் தக்க பொருள்களுக்குக் குறைவில்லை. பம்பாய்க் கப்பல்துறையில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்து கொண்டிருக்கிறது. கேரளத்தின் பேப்பூரில் தச்சர்கள் ‘உரு’ எனப்படும் பெரிய மரக்கலங்களை, காகித வரைபடம் இன்றி மனக்கணக்காலேயே கட்டி வந்துள்ளனர். அஜந்தா ஓவியம் ஒன்றில் காணப்படும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட ‘கௌண்டின்யா’ 2025ஆம் ஆண்டு மே மாதம் கார்வாரில் நம் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

குடைதலும் வளைத்தலும்

இனி, இசைக்கருவிக்கு வருவோம். மரத்தால் ஆன நரம்புக் கருவிகளைச் செய்முறை நோக்கில் இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, குடைந்து செய்வது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாக்கட்டையை உளியால் குடைந்து செய்யப்படுகிறது. குடம், தண்டி, யாளி முகம் அனைத்தும் ஒரே மரத்தில் அமைந்தால் அது ‘ஏகாண்ட வீணை’. சரோதும் சாரங்கியும் குடைந்து செய்யப்படுபவையே. மற்றொன்று, வளைத்துச் செய்வது. வயலினின் பக்கச்சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மரத்தகடு. அதனை ஈரமாக்கி, சூடான இரும்பில் அழுத்தி வளைத்து, அச்சைச் சுற்றிப் பொருத்துகின்றனர். கிதாரின் பக்கப் பலகையும் இவ்வாறே வளைக்கப்படுகிறது.

மரக்கலங்களிலும் இவ்விரு வகைகள் உள்ளன. ஒரே மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளம் ஒருவகை. பலகைகளை வளைத்துப் பொருத்திக் கட்டும் கப்பல் மற்றொரு வகை. மாதிரிக் கப்பல் கட்டுவோரும், கட்டையைச் செதுக்கி உடலை உருவாக்கும் முறையையும், சட்டங்களின் மீது மெல்லிய பலகைகளைப் போர்த்தும் முறையையும் கைக்கொள்கின்றனர். வீணைத் தச்சருக்கு முதல் முறையும், வயலின் செய்பவருக்கு இரண்டாம் முறையும் ஏற்கெனவே கைவந்தவை என்று சொல்லலாம்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 48இல் ஒரு பங்கு என்னும் விகிதம் இப்பொழுதுபோக்கில் பரவலாகப் பயன்படுவது. நான்கு அங்குலக் கனமுள்ள கப்பற்பலகை இவ்விகிதத்தில் சுமார் 2 மில்லிமீட்டராகிறது. கிதாரின் பக்கப் பலகையின் கனமும் ஏறத்தாழ அதுவே. இந்தக் கனத்தில் ஒரு மரம் எங்கே வளையும், எங்கே முறியும் என்பதை நூலில் படித்து அறிய முடியாது. கருவி செய்பவரின் விரல்கள் அதனை அறியும்.

கையோடு வரும் முதலீடு

மாதிரிக் கப்பல் கட்டப் புதிதாக முயல்வோர் பெரும்பாலும் தடுமாறுவது பக்கப் பலகை பொருத்தும் கட்டத்தில்தான். கப்பலின் நடுப்பகுதி அகன்றது. முன்முனையாகிய அணியம் குறுகியது. ஆகவே ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கி ஒடுக்கமாக இழைத்து, ஓரத்தைச் சாய்த்துச் சீவி, ஒரே நேரத்தில் இரு திசைகளில் வளைக்க வேண்டும். இடையில் இடைவெளி விழுந்தால் மரத்தூளும் பசையும் கொண்டு அடைக்கின்றனர். இசைக்கருவிப் பட்டறையில் இந்த அடைப்பு வேலைக்கு மதிப்பில்லை. இரு பரப்புகளுக்கு இடையே ஒளி புகாதவரை இழைப்பதே அங்கு விதி. பொருத்தம் தளர்ந்தால் நாதமும் கெடும்.

மரத்தைத் தேர்வதும் அத்தகைய திறனே. தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே சிறிதாகச் செய்ய வேண்டும் என்று ஆர்வலர் நினைப்பது இயல்பு. ஆனால் கப்பலைச் சுருக்கலாம். மரத்தின் ரேகையைச் சுருக்க இயலாது. தேக்கின் பருமனான ரேகை, சிறிய பலகையில் பொருந்தாமல் துருத்தித் தெரியும். மஞ்சக்கடம்பு போன்ற நுண்ணிழை மரமே அங்கு ஏற்றது. பதப்படுத்தாத மரம் பின்னர் சுருங்கி விரிசல் விடும் என்பதும், ரேகை பலகையின் நீளத்தோடு ஒத்து ஓடினால்தான் வளைவு தாங்கும் என்பதும் கருவி செய்பவருக்கு முதல் ஆண்டிலேயே கற்பிக்கப்படும் பாடங்கள்.

உப்புத்தாளால் தேய்ப்பதற்கு மாறாகக் கூரிய எஃகுச் சுரண்டியால் சீவும் பழக்கம், வேண்டும்போது சூட்டாலும் ஈரத்தாலும் பிரித்தெடுக்கத்தக்க வச்சிரப் பசையின் பயன்பாடு, யாளி முகம் செதுக்கும் நுணுக்கம் ஆகியவையும் அப்படியே இடம் பெயர்கின்றன. ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்கள் பலவற்றின் முகப்பில் ஒரு சிற்பம் இருக்கும். யாளி செதுக்கிய உளிக்கு அது அந்நியமானதன்று.

அதே வேளையில், எல்லாத் திறனும் இடம் பெயரும் என்று நாம் கூறவில்லை. கருவிக்கு நீதிபதி காது. மாதிரிக் கப்பலுக்கு நீதிபதி கண்ணும் வரலாறும். வரைபடம் படித்தல், விகிதம் மாறாமல் கயிறு முறுக்குதல், முடிச்சு வகைகள் ஆகியவற்றைக் கருவி செய்பவர் புதிதாகவே கற்க வேண்டும். சிலவற்றை அவர் விட்டொழிக்கவும் வேண்டும். வீணைக்கு அழகு தரும் பளபளப்பு, சிறு கப்பலில் பொம்மைத் தோற்றத்தைத் தந்துவிடும். தம் பட்டறைப் பெருமையைச் சற்று ஒதுக்கிவைக்கத் தெரிந்தவருக்கே இங்கு இடம் உண்டு.

எது பொருள், எது திறன்?

இதனால் யாருக்கு என்ன பயன் என்ற வினா எழலாம். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மகாராஷ்டிரத்தின் மீரஜ் நகரச் சிதாரும் தம்பூராவும் 2024இல் அப்பெருமையைப் பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். அடுத்த தலைமுறை உளியைப் பிடிக்குமா என்பது வேறு வினா. சுருதிக்கு மின்னணுத் தம்பூராவும் கைப்பேசிச் செயலியும் போதும் என்றாகிவிட்ட காலத்தில், பட்டறையில் வேலையில்லாத நாள்கள் பெருகுகின்றன. ‘இத்தொழில் முடிந்தது’ என்று எண்ணி மகனை வேறு வேலைக்கு அனுப்பும் தந்தையைக் குறை கூற இயலாது. ஆனால் அப்போது இழக்கப்படுவது ஒரு பொருளின் சந்தை மட்டுமா? மரத்தை வளைக்கவும் குடையவும் தெரிந்த ஒரு கை முழுவதுமே இழக்கப்படுகிறது.

மாதிரிக் கப்பலுக்கான சந்தை சிறியது. அதனை நம்பிக் குடும்பம் நடத்த இயலாது என்பர் சிலர். மறுக்க மாட்டோம். ஒரு கப்பலுக்கு ஆயிரம் மணி நேரம் உழைப்பதாகவும், மணிக்கு 150 ரூபாய் கூலி என்றும் கொண்டால், மரச்செலவு சேர்க்காமலேயே அடக்கவிலை ஒன்றரை இலட்சம் ரூபாய். அந்த விலைக்கு வாங்குவோர் சிலரே. இக்கணக்கைப் போடாமல் எவரும் இத்துறையில் இறங்கலாகாது. எனினும், முழுக் கப்பல் மட்டுமே விற்பனைப் பொருள் என்று ஏன் கொள்ள வேண்டும்? குறித்த கனத்தில் அறுத்து இழைத்த மெல்லிய பலகைகள் ஆர்வலர்களுக்குத் தேவை. பழுதடைந்த மாதிரிகளைச் செப்பனிட ஆள் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றுத்தர ஓர் ஆசிரியர் தேவை. பட்டறையின் ஓய்ந்த நாள்களில் இவை துணை வருவாயாகும். முதன்மைத் தொழில் தொடரவும் அது கைகொடுக்கும்.

இதில் வங்கிகளுக்கும் பொறுப்பு உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், 18 கைவினைத் தொழில்களுக்கு 5 சதவீத வட்டியில், முதலில் 1 இலட்சமும் பின்னர் 2 இலட்சமும் என இரு தவணைகளில் பிணையற்ற கடன் பெற வழி செய்கிறது. அப்பட்டியலில் தச்சர் உண்டு. படகு கட்டுபவர் உண்டு. பொம்மை, விளையாட்டுப் பொருள் செய்பவரும் உண்டு. இசைக்கருவி செய்பவர் என்னும் தனிப்பெயர் இல்லை. பட்டியல் பொருளின் பெயரால் அமைந்திருப்பதன் விளைவு இது. வீணை குடைபவரும் மரவேலை செய்பவரே என்பதை விண்ணப்பம் பெறும் இடத்தில் உள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இசைக்கருவி செய்வோரையும் பெயர் சொல்லிச் சேர்ப்பது இன்னும் நன்று. கடன் மதிப்பீட்டின்போது ‘என்ன விற்கிறீர்கள்?’ என்று கேட்கும் நாங்கள், ‘இந்தக் கைகளால் வேறு என்னவெல்லாம் செய்ய இயலும்?’ என்றும் கேட்கப் பழக வேண்டும். பின்னைய வினாவின் விடையே, முன்னைய பொருளின் விற்பனை சரியும்போது தவணையைக் காப்பாற்றுவது.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல்

பணி ஓய்வுக்குப் பின் கையால் ஏதேனும் செய்ய விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர். மாதிரிக் கப்பல் கட்டுதல் அவர்களுக்கு உகந்த பொழுதுபோக்கு. ஆனால் விலையுயர்ந்த இறக்குமதிப் பெட்டியைக் கடன் அட்டையில் வாங்கித் தொடங்க வேண்டா. பொழுதுபோக்குக்குச் சேமிப்பே முதலாகட்டும். முதலில் ஒரு சிறு படகு போதும். நல்ல உளி இரண்டு, சிறிய இழைப்புளி ஒன்று, ஒரு சுரண்டி ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதுமானவை. உங்கள் ஊரிலோ அருகிலோ இசைக்கருவிப் பட்டறை இருந்தால் அங்கே சென்று, உரிய கட்டணம் செலுத்தி, மரம் வளைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பல மாத வீண் முயற்சி அதனால் மிச்சமாகும். பட்டறைக்கும் ஒரு வருவாய் கிட்டும்.

கைவினைஞர் குடும்பங்களைச் சேர்ந்த வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. அடுத்த முறை கடன் விண்ணப்பம் நிரப்பும்போது, ‘தொழில்’ என்ற கட்டத்தில் செய்யும் பொருளின் பெயரை எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலைகளைத் தனித்தாளில் வரிசையாக எழுதி, செய்த பொருள்களின் புகைப்படங்களுடன் இணைத்துக் கொடுங்கள். அதிகாரி கேட்காவிட்டாலும் கொடுங்கள்.