ஆடுகளத்தின் ஓரத்தில் ஓர் ஆள் வேண்டும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். நம் பக்கத்து விளையாட்டு வீரர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இம்மொழிதான் நினைவுக்கு வருகிறது. சித்திரத்துக்குக் குறைவில்லை, சுவரைக் கவனிப்பார்தாம் இல்லை.

அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பை ஹாக்கியில், பாகிஸ்தானுக்கு எதிராக இறங்கிய தம் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். மறு ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். பெரம்பலூரில் மாணவியர்க்கென விளையாட்டு விடுதி இயங்குகிறது. ஊர்த் திருவிழா என்றால் கபடிப் போட்டி உண்டு. இத்தனை இருந்தும், ஒரு பிள்ளை களத்தில் விழுந்தால் ஓடிவந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "இன்று நீ ஆடக் கூடாது" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் எத்தனை களங்களில் நிற்கிறார்?

விழுந்தவள் என்ற முறையில் இதைக் கேட்கிறேன். பள்ளி நாளில், கைப்பந்துப் போட்டியொன்றில் துள்ளி இறங்கியபோது என் வலது முழங்காலுக்குள் 'டப்' என்று ஓர் ஓசை. சுற்றி நின்றவர் அனைவரும் ஆண்கள். காலைக் காட்டக் கூச்சப்பட்டு "ஒன்றுமில்லை சார்" என்றேன். பாட்டி என்னைச் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துப் போனார். அவர் நல்லெண்ணெய் தடவி வழித்தார். வீக்கம் வடிந்தது, மூன்றாம் வாரமே மீண்டும் ஆடினேன், கால் மடங்கியது. ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஜவ்வு கிழிந்திருப்பதும், இரண்டாம் முறை விழுந்ததில் உள்ளிருக்கும் குருத்தெலும்பும் சேதப்பட்டதும் தெரிந்தன. அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். சுளுக்குக்கு அவர் கை பொன்னான கை. இது சுளுக்கன்று என்று எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அறுவைக்குப் பின் களம் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதங்கள் ஆகும் என்பது இன்றைய பொதுக் கணக்கு. அத்தனை மாதங்களும் தொடைத் தசைக்குப் படிப்படியாகப் பயிற்சி தர வேண்டும். அதற்காகத் திருச்சிக்குப் பேருந்தில் போய்வந்தேன். பேருந்துச் செலவும் அம்மா இழந்த கூலியும் சேர்ந்து இரண்டே மாதத்தில் அதை நிறுத்தின. கத்தி வைத்த மருத்துவர் தம் பணியைச் செம்மையாய்ச் செய்தார். அதற்குப் பின்னுள்ள நீண்ட வழியில் கைபிடித்து நடத்த ஆளில்லாமற் போனதுதான் என் ஆட்டத்தை முடித்தது.

அமெரிக்காவில் இப்பணிக்கென்றே 'அத்லெடிக் டிரெய்னர்' என்றொரு தொழில் உண்டு. 1950-லேயே அவர்கள் தேசியச் சங்கம் அமைத்துவிட்டனர். இங்கே 'டிரெய்னர்' என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்பவர் என்றே நினைக்கிறோம்! நம் நாட்டில் இவ்வேலையைப் பெரிதும் பிசியோதெரபிஸ்டுகளே செய்கின்றனர். ஐஸ் கட்டியை வைத்து ஒத்தடம் கொடுப்பதற்கு ஒரு படிப்பா என்று கேட்போர் உண்டு. ஐஸும் ஓய்வும் வேண்டும் என்று 1978-இல் எழுதிப் பரப்பிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, அவை குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மாறும் அறிவைப் பின்தொடர்ந்து படிப்பவரிடம்தானே காலை ஒப்படைக்க வேண்டும்?

இந்திய அணியோடு விமானமேறும் கனவில் இத்தொழிலுக்கு வர வேண்டாம். அந்த இடங்கள் மிகச் சில. விடுதிகளுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் கபடித் திடல்களுக்குமே ஆள் தேவை. குறிப்பாகப் பெண்கள் வர வேண்டும். துள்ளித் திரும்பும் ஆட்டங்களில் இந்த முழங்கால் ஜவ்வு ஆண்களைவிடப் பெண்களுக்கே எளிதில் கிழிகிறது. என்னைப்போல் "ஒன்றுமில்லை சார்" என்று சொல்லும் பெண் இன்றும் ஏதோவொரு மைதானத்தில் நொண்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். கலைப் பிரிவு படித்த எனக்கு இக்கதவு அடைபட்டது. பி.பி.டி. சேர மேல்நிலையில் உயிரியல் வேண்டும். நான்கரை ஆண்டாக இருந்த படிப்புக்கு, 2025-இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் ஐந்தாண்டு வகுத்துள்ளது. திருச்சியில் இதற்கு அரசுக் கல்லூரியே உண்டு. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு நாளில் இவ்வளவும் தீர்ந்துவிடுகிறது; அன்று எனக்கு இதைச் சொன்னவர் எவருமில்லை. எனக்கு மீதமுள்ளது பி.பி.எட். அதையே படிப்பேன். ஃபிஃபா வகுத்த '11+' என்னும் இருபது நிமிட முன்பயிற்சி கால்பந்தில் காயங்களைக் குறைத்திருக்கிறது. காசு செலவில்லாத அதை என் மாணவியர்க்குச் சொல்லித்தர ஓர் உடற்கல்வி ஆசிரியையால் முடியும்.

என் தங்கை பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். உயிரியல் பிரிவு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. "அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டர் வேலை உண்டு. இதற்கு எந்தப் பள்ளியில் வேலை இருக்கிறது, சொல்லு" என்கிறார். அவர் கேள்வி நியாயமானது. பள்ளிகளில் அப்படியொரு பணியிடமே இல்லை. விளையாட்டு விடுதிக்கு ஒருவர், ஒன்றியத்துக்கு ஒருவர் என்றாவது அரசு நியமிக்கட்டும். அதுவரை அப்பாவிடம் என் முழங்காலைத்தான் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.