டிரைவர் தூங்கினாரா?

டிசம்பர் பிறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மயிலாப்பூரில் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போனால் போதும். வாக்கிங் வரும் மாமாக்கள் தலையில் எல்லாம் மங்கி குல்லா ஏறியிருக்கும். வெளியில் 21 டிகிரிதான். ஆனால் பார்க்கிறவனுக்கு ஏதோ லடாக்குக்குக் கிளம்புகிற கூட்டம் மாதிரி இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் அப்படி ஒரு பயம்.

அதனால்தானோ என்னவோ, மார்கழி, தை மாதத்தில் வெளியூர்ப் பயணம் என்றாலே நம் தயாரிப்பு முழுக்க உடம்பைப் போர்த்துவதிலேயே போய்விடுகிறது. நம்ம வகுப்பு குரூப்பில் ரெண்டு வாரமாக ஓடுகிற ஐ.வி. விவாதத்தையே பாருங்கள். ஜனவரியில் ஊட்டி. தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி படியும், ஜெர்க்கின் எடு, சாக்ஸ் ரெண்டு ஜோடி எடு, வாஸலின் எடு. இ-பாஸ் யார் எடுப்பது, பஸ்ஸில் ஸ்பீக்கர் நல்லா இருக்குமா, கடைசி சீட் யாருக்கு. இருநூறுக்கும் மேல் மெசேஜ். வியாழன் இரவு 9 மணிக்குக் கிளம்பி, வெள்ளி காலை ஊட்டி, சனி இரவே திரும்பல். ரெண்டு இரவு லாட்ஜ் செலவு மிச்சம். அருமையான திட்டம். ஓட்டப்போவது எத்தனை பேர் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒருத்தர்தான். நான் விசாரித்துவிட்டேன்.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்பீர்கள். போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாடி வீட்டு மாமாதான் குருசாமி. இருபது வருஷத்துக்கு மேல் மலைக்குப் போகிறவர். அவரிடம் ஒரு பழைய டைரித் தாள் உண்டு, அதில் வரிசையாக எழுதிவைத்திருப்பார்: கம்பளி, ஜமக்காளம், டார்ச், பச்சைக் கற்பூரம், எலுமிச்சம்பழம் (மலைப்பாதையில் வாந்தி வராமல் முகர), அவோமின், சளி மாத்திரை, ஃபிளாஸ்க், பழைய நியூஸ்பேப்பர். நாற்பதுக்கும் மேல் ஐட்டம். ராஜா அண்ணாமலைபுரம் ஐயப்பன் கோவிலில் இருமுடி கட்டிக்கொண்டு, இரவு பத்தரைக்கு டெம்போ டிராவலரில் ஏறினோம். பதின்மூன்று பேர். "காதை நன்னா கட்டிக்கோடா" என்று அம்மா ஜன்னல் வழியே மஃப்ளரை உள்ளே எறிந்தாள்.

மாலை போட்ட பிறகு எல்லாரும் எல்லாருக்கும் சாமி. பள்ளிக்கூடத்தில் படிக்கும் குட்டிச் சாமி, ரிட்டயரான பேங்க் சாமி, கடைசி சீட்டில் குறட்டை சாமி. வண்டியில் ஒரே ஒருத்தர் மட்டும் "டிரைவர்". அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவருக்கு நாற்பது வயசு இருக்கும். நான் முன் சீட்டில் அவர் பக்கத்தில். மேல்மருவத்தூர் தாண்டியதும் தும்ம ஆரம்பித்தார், மூக்கிலிருந்து நீராக வழிந்தது. பேச்சுவாக்கில் சொன்னார்: அன்று மதியம்தான் இன்னொரு குரூப்பை மலையிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். செட்டில் வண்டியைக் கழுவிவிட்டு ரெண்டு மணி நேரம் கண்ணயர்ந்தாராம். "சீசன்ல இப்படித்தான் தம்பி. தை பொறந்தா தூங்கிக்கலாம்." நான் என்ன செய்தேன் தெரியுமா? ரொம்ப நல்லவனாட்டம் குருசாமியின் பையிலிருந்து ஒரு சளி மாத்திரையை எடுத்து, தண்ணி பாட்டிலோடு நீட்டினேன். "தேங்க்ஸ் தம்பி" என்று போட்டுக்கொண்டார்.

சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமைன் என்று ஒன்று இருக்கிறது. மூக்கை அடைக்கும், கூடவே கண்ணையும் அடைக்கும். அட்டையின் பின்பக்கம், மாத்திரை போட்டால் வண்டி ஓட்டாதே என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். அவோமினும் அதே ஜாதி, தூக்கம் வரும். நமக்குப் பரவாயில்லை, பின்னால் சுருண்டு படுக்கப் போகிறோம். (வாந்தி வந்த பிறகு அதைப் போட்டுப் பிரயோஜனமில்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே போட வேண்டும்.)

திருச்சி வரைக்கும் நான் விழித்திருந்தேன். அதற்குப் பிறகு நானும் போய்விட்டேன். மணப்பாறை தாண்டி, நாலரை மணி இருக்கும், தடதடவென்று சத்தம். வண்டி ரோட்டை விட்டு இடது பக்கம் சரளையில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வாழைக்காய் ஏற்றிய லாரி ஒன்று விளக்கே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. சத்தத்தில் டிரைவருக்கும் முழிப்பு வந்து ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரிக்கும் எங்களுக்கும் எவ்வளவு இடைவெளி என்று இப்போது சொன்னால் கதை விடுகிறான் என்பீர்கள். விடுங்கள்.

அடுத்த டீக்கடையில் நிறுத்தினார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒரு அரை மணி நேரம் சாமி" என்று குருசாமியிடம் கேட்டார். உடனே பின்னாலிருந்து ஒரு சாமி சொன்னார்: "விர்ச்சுவல் க்யூ நேரம் போயிடுமே!" எனக்கு அந்த லாரியை விட இந்த வார்த்தைதான் இன்னும் மனசில் நிற்கிறது.

அன்றைக்கு வண்டிக்குள் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். குளிருது என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னது நாங்கள். ஏசியில் வெளிக்காற்று வராதபடி வைக்கச் சொன்னது நாங்கள். பதின்மூன்று பேர் விட்ட மூச்சு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. லைட்டை அணைக்கச் சொன்னோம், பாட்டை நிறுத்தச் சொன்னோம், கர்ட்டனை இழுத்துவிட்டோம். வெதுவெதுப்பு, இருட்டு, அமைதி. ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைக்க வேறென்ன வேண்டும்? குளிர்காலப் பயணத்தில் நமக்கு எதெல்லாம் வசதியோ, அதெல்லாம் ஓட்டுகிறவருக்கு எமன். "பிரயாண சௌகரியம்" பற்றி யார் எழுதினாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 1997-ல் டாசன், ரீட் என்ற ரெண்டு பேர் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப் போலத் தடுமாறுகிறது என்று கண்டார்கள். அதாவது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம் என்கிறது. குடித்துவிட்டு வந்த டிரைவர் என்றால் நம்மில் ஒருத்தர் ஏறுவோமா? ஊரைக் கூட்டிவிட மாட்டோமா? தூங்காமல் வந்தவரிடம் "சீக்கிரம் போங்கண்ணே" என்கிறோம். ஊதிப் பார்க்க இதற்கு மெஷின் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தார்கள். நாளைக்கு 8 மணி நேர வேலை, நீண்ட தூர வழி என்றால் அனுமதியோடு 10 மணி வரை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதானால் நடுவில் அரை மணியாவது ஓய்வு என்று எழுதிவைத்தார்கள். என் தாத்தா காலத்துச் சங்கதி. சீசனில் வாடகை வண்டி எடுக்கிற எந்தக் குரூப்பாவது இதைப் பற்றிப் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

"ராத்திரிதான் ரோடு காலி, சேஃப்" என்று ஒரு கட்சி உண்டு. நம்ம கிளாஸ் ரெப்பும் அந்தக் கட்சிதான். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் போடும் அறிக்கைகளில், விபத்து அதிகம் நடக்கும் நேரம் சாயங்காலம் 6 முதல் 9 வரைதான். ஆனால் அந்த நேரத்தில் ரோட்டில் எவ்வளவு வண்டி, விடிகாலை நாலு மணிக்கு எவ்வளவு வண்டி? உடம்புக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரை அது கீழே இழுக்கும். எவ்வளவு அனுபவசாலியானாலும் இழுக்கும். டீ குடித்தால் சரியாகிவிடும் என்பதும் முக்கால் பொய். டீ வேலை செய்யவே இருபது நிமிஷமாவது ஆகும். குடித்துவிட்டு அந்த இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினால் உண்மையிலேயே பலன் உண்டு. குடித்த கையோடு சாவியைத் திருகினால் இல்லை.

தூக்கக் கலக்கத்தோடு மலை ஏறுவது இன்னும் மோசம். குமுளி தாண்டி, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்குகிற பாதையும், எருமேலிக்கு அப்பால் கணமலை இறக்கமும் சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களை ஏமாற்றிவிடும். மேலிருந்து கீழ் வரை பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து இஞ்சினின் பிடியில் இறங்க வேண்டும், நியூட்ரலில் விடவே கூடாது. இதெல்லாம் டிரைவருக்குத் தெரியும். ஆனால் அரைத்தூக்கத்தில் இருக்கிறவரின் கால், தெரிந்ததையா செய்யும்? 2022 டிசம்பர் 23 இரவு சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டத்துக்காரர்களின் வண்டி குமுளி அருகே பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். வீட்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. அந்த விபத்தைத் தூக்கத்தின் கணக்கில் எழுத நான் வரவில்லை. மலைப்பாதை ஒரு நொடித் தப்பைக்கூட மன்னிக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நிலக்கல்லில் வண்டியை விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் பம்பைக்குப் போய் மலை ஏறினோம். குறித்த நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் தாமதம், ஆனாலும் தரிசனம் ஆயிற்று. டிரைவர் அந்த பார்க்கிங்கில், ஹார்ன் சத்தத்துக்கும் மைக் அறிவிப்புக்கும் நடுவே, சீட்டை மடக்கிப் படுத்திருந்தார். போர்வைகூட இல்லை. நாற்பது ஐட்டம் லிஸ்டில் அவருக்கென்று ஒரு கம்பளி இல்லை! திரும்பும்போது குருசாமியே கம்பத்தில் லாட்ஜ் எடுத்து அவருக்கும் ஒரு கட்டில் போடச் சொன்னார். எட்டு மணி நேரம் தூங்கினார். மறுநாள் பகலில் பாட்டு, அரட்டை, கொட்டாம்பட்டியில் வெள்ளரிக்காய் என்று ஜாலியாக வந்து சேர்ந்தோம். ஒரு நாள் லீவு கூட ஆனது. கட்டில் வாடகை ஆளுக்கு நாற்பது ரூபாய்கூட வரவில்லை.

லாட்ஜில் டிரைவருக்கு இடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகளில் விருந்தினரின் டிரைவர்கள் படுக்க இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. புக் பண்ணும்போதே கேளுங்கள். "அதெல்லாம் வண்டியிலயே படுத்துப்பார் சார்" என்றால் அடுத்த லாட்ஜுக்குப் போன் போடுங்கள்.

இப்போது ஐ.வி. மேட்டர். மயிலாப்பூரிலிருந்து ஊட்டி கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர், பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம். நம் திட்டப்படி ஒரே மனுஷன் ராத்திரி முழுக்க ஓட்டி, விடிந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறுவார். மறுநாள் ராத்திரி அதே மலையை இருட்டில், பனிமூட்டத்தில் இறங்குவார். பனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீமில் ஊர்ந்துதான் வர வேண்டும். நேரம் இன்னும் இழுக்கும்.

ரெண்டாவது டிரைவருக்குச் சம்பளம், பேட்டா, சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாம் 46 பேர். தலைக்கு நூறு ரூபாய். லஸ் கார்னரில் ரெண்டு பேர் டிபன் சாப்பிட்டால் காலி. அதுவும் கட்டுப்படி ஆகாது என்றால் வியாழன் விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்புவோம். ஒரு நாள் அட்டென்டன்ஸ் போகும், போகட்டும். சனி இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கி ஞாயிறு பகலில் திரும்பலாம். முன் சீட்டில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர் என்று முறை போட்டு விழித்திருப்போம். முதல் முறை நான் எடுத்துக்கொள்கிறேன். போன வருஷக் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

மாடி வீட்டு மாமாவின் டைரித் தாளை நேற்று வாங்கிப் பார்த்தேன். கம்பளிக்கும் மேலே, மார்ஜினில் இடம் பிடித்து, புது மையில் எழுதியிருக்கிறார்: "டிரைவர் சாமி கடைசியாக எப்போது தூங்கினார்? கேட்கவும்." சளி மாத்திரைக்கு எதிரில் ஒரு பெருக்கல் குறி. அது எனக்காகத்தான் :-)

நாளைக்கு கிளாஸ் ரெப் பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறான். அதற்குள் குரூப்பில் கை தூக்குங்கள்.