எதிராளியின் நாற்காலி

விவாதத்திற்கு நம் ஊர்களில் என்றைக்குமே பஞ்சம் ஏற்பட்டதில்லை. சின்னமனூர்க் கடைவீதியில் ஒரு நாழிகை நின்றால் போதும். பெரியாற்று அணையின் நீர்மட்டத்தை 142 அடியிலிருந்து 152 அடிக்கு உயர்த்துவது முதல் கேரள சர்க்காருக்குப் புத்தி புகட்டுவது வரையில் சகலமும் தீர்மானமாகிவிடும். குறை ஒன்றே ஒன்றுதான். கேரளத்தின் சார்பில் பேச அங்கே ஒருவரும் இருப்பதில்லை!

இந்தக் குறையைப் போக்கும் விளையாட்டு ஒன்று பல பள்ளிக்கூடங்களில் நடைபெற்று வருகிறது. 'மாதிரி ஐக்கிய நாடுகள் சபை' என்பது அதன் பெயர். சர்வதேச சங்கம் உயிரோடு இருந்த 1920-களிலேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதைப் போன்ற பாவனைச் சபைகளைக் கூட்டினார்கள். பிற்பாடு சங்கம் மறைந்து ஐ.நா. தோன்றவே, விளையாட்டும் பெயரை மாற்றிக்கொண்டது.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தேசம் கொடுப்பார்கள். அத்தேசத்தின் பிரதிநிதியாகவே அவர் பேச வேண்டும். 'நான்' என்று சொல்லலாகாது. 'எமது நாடு கருதுகிறது' என்றே சொல்ல வேண்டும். (நம் மேடைப் பிரசங்கிகள் சிலருக்கும் இந்த விதியை அமல் நடத்தினால் புண்ணியமாகப் போகும்.) பெயர்ப் பலகையை உயர்த்தி, தலைவர் அழைத்த பிறகே வாய் திறக்கலாம். முதற் பேச்சுக்கு ஒன்றிரண்டு நிமிஷமே கிடைக்கும். புதிய பிள்ளைகள் இந்தப் பேச்சையே பெரிதாக எண்ணி நெட்டுருப் போட்டு வருகிறார்கள். உண்மையான காரியமோ, சபை சற்றுக் கலைந்து பிரதிநிதிகள் மூலைக்கு மூலை கூடிப் பேசும்போதுதான் நடக்கிறது. யாருக்கு எது உயிர், யார் எதை விட்டுக் கொடுப்பார் என்பது அப்போதுதான் வெளியாகும். தீர்மானத்தின் நகலும் அப்போதுதான் உருவாகும்.

சின்னமனூர்ப் பிள்ளைகள் இதைப் பழகத் தூர தேசத்துச் சண்டை எதற்கு? அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் பத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட பேச்சுக்குப் பிறகு 1886 அக்டோபர் 29-ல் அது கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷக் குத்தகை. திருவிதாங்கூர் மகாராஜாவின் சார்பில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? திவான் வேம்பாக்கம் ராமய்யங்கார்! சென்னை சர்க்காரில் உத்தியோகம் பார்த்த தமிழர். எதிராளியின் நாற்காலியில் நம்மவர் ஒருவர் மெய்யாகவே அமர்ந்திருந்தார்.

1970-ல் பத்திரத்தைத் திருத்தினார்கள். வாடகை 30 ரூபாயாயிற்று; மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போயிற்று; மின்சாரம் எடுக்கும் உரிமை, தனிக் கட்டணத்துடன், தமிழ்நாட்டுக்கு வந்தது. கொடுத்து வாங்குதல் என்பது இதுதான். உயரத்தைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2006-லும் 2014-லும் 142 அடி வரை தேக்கலாம் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் 1895-ல் முடிந்த சுண்ணாம்பு அணைக்குக் கீழே குடியிருப்பவனின் அச்சத்தைத் தீர்ப்பினால் அகற்ற முடியவில்லை. அந்த அச்சம் எத்தகையது என்பதை, அவனுக்காக வாதாட நேர்ந்த பிள்ளை ஒரே வாரத்தில் அறிந்துகொள்ளும். தண்ணீர் இல்லாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் என்னவாகும் என்பதோ, அதற்கு முன்பே தெரியும்.

உபாத்தியாயர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு நாற்காலிகளை ஒதுக்கட்டும். கேரளச் சீட்டு விழுந்த பிள்ளை முதலில் முகத்தைச் சுளிக்கும். பிறகு புத்தகத்தைப் புரட்டும். அன்றிரவு சாப்பாட்டு வேளையில் அது தகப்பனாரோடு கேரளத்தின் கட்சி பேசத் தொடங்கினால், வாசகர்கள் என்மேல் கோபிக்கக் கூடாது.