உட்கார வைக்காதீங்க!



பி.டி. பீரியடு பெல் அடித்ததும் நாமெல்லாம் கிரவுண்டுக்கு ஓடுகிறோம். ஒருவன் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நம்ம வாட்டர் பாட்டிலுக்கும் வாட்சுக்கும் காவல் இருக்கிறான். அவன் என் வகுப்புத் தோழன். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டிருக்கிறான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) ‘‘பாவம், அவனுக்கு எதுக்குச் சிரமம்?’’ என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொன்னவள்தான். அது தப்பு என்பதை எங்க வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்க அப்பா டெய்லர். சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாமல், 2022இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, ஆயா, நான் மூணு பேரும் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடலை. சாப்பாடு, தண்ணி, பேப்பர் எல்லாம் கட்டிலுக்கே போகும். வலிக்குமே என்று ஆயா ஒரு இலவம்பஞ்சுத் தலையணையைக் காலுக்கு அடியில் வைத்து விடுவார். தலையணை வைக்கக் கூடாது, தினமும் பயிற்சி செய்யணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கதான் கேக்கலை. பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அப்பாவால் முழங்காலை நேராக நீட்ட முடியவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது. கைகூடத் தளர்ந்துவிட்டது. யாரிடமும் பேசமாட்டார். தையல் மெஷினை வித்துடலாம் என்று சொன்ன அன்று அம்மா அழுதார்.

மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம. பிசியோதெரபி அக்கா சொன்ன முதல் வார்த்தை, ‘‘அந்தத் தலையணையைத் தூக்கிப் போடுங்க!’’ என்பதுதான். காரணத்தையும் விளக்கினார். முழங்கால் மடங்கியே இருந்தால் பின்பக்கத் தசை சுருங்கி இறுகிவிடும். அப்புறம் கால் நீளாது. நீளாத காலில் செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. செயற்கைக் காலோடு நடக்க நம்மைவிட அதிக சக்தி செலவாகும். அதற்கு நெஞ்சும் தசையும் முன்கூட்டியே தயாராக இருக்கணும். உட்கார்ந்தே இருந்தால் எங்கிருந்து சக்தி வரும்?

அன்றிலிருந்து எங்க வீட்டில் டிரில் பீரியடு ஆரம்பித்தது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கணும், இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்க. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்திவிட்டு உடனே எடுத்துவிடணும், தொடைத் தசைக்காக. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கணும். நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கணும், கைக்கும் தோளுக்கும் பலம் வர. நான்தான் எண்ணிக்கை சொல்வேன். முதல் நாள் அப்பாவால் ஐந்துகூட முடியலை. ‘‘போதும்மா, விடும்மா’’ என்றார். நான் விடலை!

சுருங்கிய கால் நீள மூணு மாதம் ஆனது. பிறகு செயற்கைக் கால் கிடைத்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடை பழகினார். விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்பதையும் ஒரு பயிற்சியாகவே சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் இரவு காலைக் கழற்றியதும் தோல் சிவந்திருக்கா, புண் இருக்கா என்று பார்ப்போம். இருந்தால் அன்றைக்குக் கால் மாட்டக் கூடாது, டாக்டரிடம் காட்டணும். இன்று அப்பா தெருக்கோடி டீக்கடைக்குத் தனியாக நடந்து போய் வருகிறார். மெஷினுக்கு மோட்டார் மாட்டி வலது காலால் மிதித்துத் தைக்கிறார். நான் போட்டிருக்கும் யூனிபார்ம் அவர் தைத்ததுதான்.

‘‘விழுந்துட்டா யார் பதில் சொல்றது?’’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்காமல் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் உட்கார வைத்தால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. அதை எங்க அப்பாவின் முழங்காலில் பார்த்தேன்.

சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் அடிபட்டு வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, வலியோடு பயிற்சி செய்து, 1984இல் மறுபடியும் பரதநாட்டிய மேடை ஏறினார். அந்த ஜெய்ப்பூர் கால், 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. அதைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம். ஆனால் காலைத்தான் செய்து கொடுக்க முடியும், அதில் நின்று ஆடும் பலத்தை அவரவர் உடம்புதான் உண்டாக்கணும்.

நம்ம சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு இன்னொரு உதாரணம். ஐந்து வயதில் பஸ் ஏறி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காலை எடுக்கவில்லை, ஆனால் அது வளரவில்லை. அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், 2021இல் டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம்! அந்த ஆசிரியர் ‘‘நீ போய் மரத்தடியில உட்காருப்பா’’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசியுங்கள் நண்பர்களே.

எல்லோரும் பதக்கம் வாங்கணும் என்று நான் சொல்லவில்லை. என் நண்பன் பஸ் படி ஏறணும், மாடி வகுப்புக்கு மூச்சு வாங்காமல் வரணும். அதற்கும் பயிற்சி வேண்டும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பள்ளிகளில் விளையாட்டு வாய்ப்பை மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்கணும் என்றே சொல்கிறது.

எனவே ஒரு யோசனை. உட்கார்ந்தே ஆடும் வாலிபால் 1980இலிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. நெட்டை இறக்கிக் கட்டினால் போதும். ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும்போது உடம்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. நம்ம பள்ளியில் நெட் இருக்கிறது, பந்து இருக்கிறது, மணல் தரையும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பி.டி. பீரியடில் எல்லோருமே உட்கார்ந்து ஆடுவோமே! அப்போது தெரியும் யாருக்குச் சிரமம் என்று!

இதை எழுதும் முன் என் நண்பனிடம், ‘‘உனக்கு விளையாட ஆசையா?’’ என்று கேட்டேன். ‘‘மூணு வருஷத்துல நீதான் முதல்ல கேக்குற’’ என்றான்.

வாட்டர் பாட்டிலுக்குக் காவல் வேண்டாம். அது எங்கேயும் ஓடிப்போகாது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி