வெண்பலகைத் தராசு!

கடைசல் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள். வந்தவனிடம் இரும்புத் தண்டைக் கொடுத்து, வரைபடத்தைக் காட்டி, "இந்த அளவுக்குக் கடைந்து கொடு" என்கிறார்கள். கடைந்ததை மைக்ரோமீட்டரால் அளக்கிறார்கள். அளவு சரியா, வேலை உண்டு. பிசகா, போய் வா! இதில் சூதும் இல்லை, வாதும் இல்லை.

தோழர்களே! மென்பொருள் எழுதும் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைப் பாருங்கள். அந்த வேலையைச் செய்பவன் கணிப்பொறி முன் அமர்ந்து, குறிப்பைப் புரட்டி, சந்தேகத்தைச் சக தொழிலாளியிடம் கேட்டு, பிழை கண்டு, திருத்தி எழுதுகிறான். நேர்காணலிலோ, வெண்பலகை ஒன்று, எழுதுகோல் ஒன்று, முக்கால் மணி நேரம், முறைத்துப் பார்க்கும் இரண்டு கண்கள்! வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கை அவிழ்க்க வேண்டும். இன்று பல இடங்களில் பலகை போய்த் திரை வந்துவிட்டது. முறைக்கும் கண்கள் போகவில்லை!

மாக்ஸ் ஹோவல் என்பவர், ஆப்பிள் கணிப்பொறியில் மென்பொருள்களை எளிதாக நிறுவ உதவும் 'ஹோம்புரூ' என்ற கருவியை 2009-ல் படைத்தார். உலகெங்கும் பொறியாளர்கள் அன்றாடம் கையாளும் கருவி அது. 2015-ல் கூகுள் நேர்காணலுக்குப் போனார். இருகிளை மரம் எனப்படும் தகவல் அமைப்பை இடவலமாகப் புரட்டும் கணக்கைப் பலகையில் போட முடியாததால் தம்மை நிராகரித்தனர் என்று அவரே ஊரறியச் சொன்னார். பாலம் கட்டியவனைப் பார்த்து, 'பல்லாங்குழி ஆடத் தெரியுமா?' என்று கேட்ட கதை!

விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற விடுகதைகளால் பயனே இல்லை என்று, கூகுளில் மனிதவளத் துறையின் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒப்புக்கொண்டார். விடுகதை போயிற்று, வெண்பலகை நின்றது!

அந்தப் பலகை எதை அளக்கிறது? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்டும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 48 மாணவர்கள். ஒரு பிரிவினர் தேர்வாளர் கண்முன் எழுதினர்; மறு பிரிவினர் தனியறையில் எழுதினர். கண்முன் எழுதியவர்களின் திறன் பாதியாகக் குறைந்தது! அப்படி எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். ஆய்வு சிறிதுதான்; ஆனால் அது எழுப்பும் கேள்வி பெரிது. அளந்தது அறிவையா, நடுக்கத்தையா?

"விண்ணப்பங்கள் மலைபோல் குவிகின்றன, சல்லடை வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்! தேர்வே கூடாதென்று யார் சொன்னது? ஆனால் இந்தச் சல்லடை யாரைத் தள்ளுகிறது? 'லீட்கோடு' போன்ற தளங்களில் நூற்றுக்கணக்கான கணக்குகளை மாதக்கணக்கில் போட்டுப் பழகியவன் தேறுகிறான். பணம் கட்டினால், எந்த நிறுவனம் எந்தக் கேள்வி கேட்கிறது என்ற பட்டியலும் அவன் கைக்கு வருகிறது. பகலெல்லாம் கூலிக்கு உழைத்து, இரவில் புத்தகம் திறப்பவனுக்கு அந்த ஓய்வு ஏது? அந்தக் காசு ஏது? ஓய்வை அளந்துவிட்டு, 'தகுதியை அளந்தோம்' என்பது நேர்மையா?

நாம் கேட்பது சலுகையல்ல, சரியான அளவுகோல். வேலையைக் கொடு. கணிப்பொறியைக் கொடு. போதிய நேரம் கொடு. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் முறை என்று முன்கூட்டியே அறிவி. பிறகு செய்ததை அளந்து பார்.

தோழா, நாளை உன் மகன் தோற்று வந்தால், "உனக்குத் தகுதியில்லை" என்று நீயும் சேர்ந்து சொல்லாதே. "எந்தத் தராசில் நிறுத்தார்கள்?" என்று கேள்!